நோயற்ற விதைக்கரும்பு



தில்லியிலிருந்து ஹரித்துவாரத்திற்கு ரயிலில் செல்லும் நம்மவர்கள் மீரட் நகரைக் கடந்ததும் ஒரு காட்சியைக் காணாதிருக்க இயலாது. இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பே நிற்கும். குளிர்காலமாயின் வெட்டிய கரும்பை ஏற்றிய வண்டிகள் ஆலை வாயில்களில் வரிசையாகக் காத்திருக்கும். முஸபர்நகர் நெருங்கும்போது, அங்குள்ள மக்கள் ‘கோல்ஹு’ என்று வழங்கும் வெல்ல ஆலைகளின் புகையும், காய்ச்சும் பாகின் மணமும் ரயில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். பொங்கலுக்கு ஒரு கழி கரும்பு கிடைக்குமா என்று தலைநகரில் கடை கடையாகத் தேடித் திரிந்த நமக்கு, இவ்வளவு கரும்பை ஒருசேரக் காண்பதே ஒரு மகிழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் ஊருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மீரட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் அமைந்த கிராமம் அது. நண்பரின் தமையனார் அங்கே கரும்புப் பயிர் செய்பவர். நான் தமிழ்நாட்டைச் சேர்ந்தவன் என்று அறிந்ததும் அவர் என்னை வயலுக்கு அழைத்துச் சென்றார். நெடிதுயர்ந்து நின்ற கரும்புகளுக்கிடையே ஆங்காங்கு சில தூர்கள் மஞ்சளாகிக் காய்ந்து நின்றன. அவற்றுள் ஒரு கழியை ஒடித்து அரிவாளால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய சதை செந்நிறமாக இருந்தது. அந்தச் சிவப்பின் குறுக்கே ஆங்காங்கு வெண்திட்டுகள் காணப்பட்டன. புளித்த கள்ளைப் போன்ற வாடை வீசிற்று.

“பாபுஜி, இந்தக் கரும்பு உங்கள் கோயம்புத்தூர்க் கரும்பு. பத்தாண்டு எங்களை வாழவைத்தது. இப்பொழுது கைவிட்டுவிட்டதே!” என்றார் அவர். அந்தக் குரலில் சினம் இல்லை, வருத்தமே இருந்தது. அவரது வருத்தத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். அதனை இறுதியில் சொல்கிறேன். கரும்பு அவரைக் கைவிட்டதா, அல்லது கரும்பிற்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினோமா என்னும் வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்கண் ‘விதை’ என்னும் சொல்லைப் பார்ப்போம். அரசாங்க ஏடுகளில் ‘பீஜ் கன்னா’ என்று இந்தியில் எழுதப்படுவதனை நாம் ‘விதைக்கரும்பு’ என்று தமிழாக்குகிறோம். மொழிபெயர்ப்பு சரியே, ஆயினும் அச்சொல் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். நெல்லுக்கும் கோதுமைக்கும் விதை என்பது பூவிலிருந்து உண்டாகும் மணி. கரும்புக்கு வயலில் விதையாக இடப்படுவது அத்தகைய மணியன்று. கழியைக் கணுக்களோடு துண்டுதுண்டாக நறுக்கி நடுகிறோம். இத்துண்டுக்குக் கரணை என்று பெயர். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பரு இருக்கிறது. அப்பருவே முளைத்துப் புதிய தூராகிறது.

இதிலிருந்து விளையும் நன்மையும் தீமையும் ஒன்றே. கரணையிலிருந்து தோன்றும் பயிர் தாய்க்கரும்பின் மறுபதிப்பு. தாயின் இனிப்பும் பருமனும் அப்படியே வந்துசேரும். தாயின் உடலில் நோய் இருந்தால் அதுவும் அவ்வாறே வந்துசேரும். நெல் முதலிய பயிர்களில், செடியைத் தாக்கும் நோய்கள் பலவும் மணிக்குள் புகுவதில்லை. மணி ஒரு சல்லடை போல நின்று அவற்றை வடிகட்டிவிடுகிறது. கரும்பில் அத்தகைய சல்லடை கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு ஒரே உடலைத் துண்டித்துத் துண்டித்து நட்டுவருகிறோம். ஆகவே, உள்ளே ஒளிந்திருக்கும் நோயும் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வருகிறது. நன்றாக விளைந்த ஒரு ரகம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

‘கோயம்புத்தூர்க் கரும்பு’ என்று அந்தப் பெரியவர் சொன்னது வெறும் உபசாரம் அன்று. வடநாட்டுக் குடியானவர்கள் முற்காலத்தில் பயிரிட்டு வந்த கரும்பு மெலிந்தது, விளைச்சல் குறைந்தது. 1912-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. கரும்பு அங்கே நன்கு பூக்கும். பூத்தால்தான் ஓர் இனத்தை மற்றோர் இனத்தோடு கலந்து புதிய ரகங்களை உண்டாக்க முடியும். பார்பர் என்னும் அறிஞரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமன் அவர்களும் அந்நிலையத்தை நடத்தினர். ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்பையும், ஆற்றோரங்களில் தானே வளரும் நாணலின் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்பையும் கலந்து பெற்ற ‘கோ 205’ என்னும் ரகம் 1918-இல் பஞ்சாப் பகுதிக்கு வழங்கப்பட்டது. குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை காட்டுக் கரும்பிலிருந்து வந்தது. அன்று முதல் ‘கோ’ என்னும் எழுத்தோடு தொடங்கும் ரகங்கள் வடநாடெங்கும் பரவின. அந்த எழுத்து கோயம்புத்தூரையே குறிக்கும்.

அவ்வரிசையில் அண்மைக்காலத்தில் புகழ்பெற்றது ‘கோ 0238’. கோயம்புத்தூர் நிலையத்தின் கர்னால் கிளையில் டாக்டர் பக்ஷி ராம் அவர்களின் உழைப்பால் உருவாகி 2009-இல் வெளியிடப்பட்டது. விரைவில் முதிர்ந்து, விளைச்சலும் சர்க்கரைச் சத்தும் ஒருங்கே மிகுந்திருந்தமையால், குடியானவரும் ஆலையாரும் ஒருசேர அதனை விரும்பினர். ஒரு கட்டத்தில் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஒரே ரகம் நின்றது. டாக்டர் பக்ஷி ராம் அவர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரே ரகம் இவ்வளவு பரப்பில் நிற்பது எத்துணைச் செல்வமோ அத்துணை அபாயமும் ஆகும். அந்த அபாயம் செவ்வழுகல் நோயாக வந்தது. வடநாட்டில் ‘லால் சடன்’ என்று வழங்கும் இந்நோய் புதியதன்று. 1893-இல் ஜாவாத் தீவில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1901-இல் கோதாவரி டெல்டாவில் இதனைக் கண்டு எழுதியவர், பின்னாளில் கோயம்புத்தூர் நிலையத்தின் தலைவரான அதே பார்பர்தாம். 1930-களின் இறுதியில் கோ 213 என்னும் ரகத்தை உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பீகாரிலும் இந்நோய் அழித்தது. கரும்பின் புற்றுநோய் என்று இதற்கு வழங்கும் பெயர் மிகையன்று.

இந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம். அது காலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஒரு ரகம் எதிர்த்து நிற்கிறதென்றால், அன்றிருந்த பூஞ்சணத்தை எதிர்த்து நிற்கிறது என்றே பொருள். 2010-களின் பிற்பகுதியில், கோ 0238-ஐ வெல்ல வல்ல புதிய வடிவம் ஒன்று தோன்றிவிட்டது. இது ரகத்தின் குற்றமும் அன்று, அதனை உருவாக்கியவரின் குற்றமும் அன்று. ஆனால், ஒரு வயலில் தோன்றிய பூஞ்சணம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது எவ்வாறு? மழைநீரும் காற்றும் அதனை அண்டை வயல்களுக்குக் கொண்டுசெல்லும் என்பது உண்மையே. நெடுந்தொலைவு கொண்டுசென்றவை பெரும்பாலும் நோயுற்ற கரணைகளே. அவற்றை ஏற்றிச் சென்றவை நம் வண்டிகளே.

இந்நோயில் கொடிய பகுதி எது தெரியுமா? கரணையை நறுக்கும்போது நோய் வெளியே தெரியாதிருக்கலாம். பூஞ்சணம் பருவிலும் கணுவிலும் உறங்கிக் கிடக்கும். நட்டபின் முளையே வராமற் போகலாம். வந்தால் மழைக்காலம் வரை பசுமையாக வளரும். ஆனி, ஆடிக்குப் பின்னரே மேலிருந்து மூன்றாம், நான்காம் இலைகள் மஞ்சளாகிக் காயும். அதற்குள் உரமும் நீரும் கூலியும் செலவாகிவிட்டிருக்கும். கழிக்குள் புகுந்துவிட்ட பூஞ்சணத்தை வெளியே தெளிக்கும் மருந்து சென்று தொடுவதில்லை. நோயுற்ற தூரை வேரோடு தோண்டி எடுத்துக் கொளுத்துவதும், தோண்டிய குழியில் சலவைத்தூள் இடுவதும், அவ்வயலில் மறுதாம்பு விடாமல் நெல் முதலிய வேறு பயிருக்கு மாறுவதுமே வழி.

செவ்வழுகல் தவிரக் கரணை வழியாகப் பரவும் நோய்கள் வேறும் உண்டு. கரிப்பூட்டை நோயில் குருத்திலிருந்து கருஞ்சவுக்கு போன்ற ஒன்று நீண்டு வளரும். புல்தழை நோயில் கரும்பு கழியாகாமல் வெளிறிய புல்லாகக் கிளைத்துவிடும். மறுதாம்பைக் குட்டையாக்கும் நோய் ஒன்றுண்டு. அது வெளிப்படையான அடையாளம் எதுவும் காட்டாமல் விளைச்சலைத் திருடும். கரணை நறுக்கும் அரிவாளில் ஒட்டும் சாற்றின் மூலமாகவே அது ஒரு கழியிலிருந்து மறு கழிக்குத் தொற்றும்.

இவற்றுக்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரம் மிக எளிய தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. கரும்பின் பரு தாங்கக்கூடிய வெப்பத்திற்கும், நோய்க்கிருமி தாங்கக்கூடிய வெப்பத்திற்கும் சிறிது வேற்றுமை உண்டு. அந்த இடைவெளியில் கரணையைச் சூடாக்கினால் கிருமி மடியும், பரு பிழைக்கும். கரணைகளை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைப்பது ஒரு முறை. லக்னோவில் 1952-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தது மற்றொரு முறை. அதன்படி, ஈரம் நிறைந்த வெங்காற்றில் 54 டிகிரி வெப்பத்தில் இரண்டரை மணி நேரம் வைக்கிறார்கள். சில டிகிரி கூடினால் பரு வெந்துபோகும். குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். எனவே இது வீட்டுக் கொப்பரையில் செய்யும் காரியமன்று. அதற்குரிய இயந்திரம் வேண்டும்.

வெப்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைத்தலாகாது. புல்தழை நோய், மறுதாம்புக் குட்டை நோய், கரிப்பூட்டை ஆகியவற்றிற்கு அது நன்கு பயன்படும். கழியின் ஆழத்தில் ஊன்றிய செவ்வழுகலை முற்றிலும் நீக்க அதனால் இயலாது. மஞ்சள் இலை நோய் போன்ற வைரஸ் நோய்களையும் வெப்பம் போக்குவதில்லை. அவற்றிற்கு, குருத்தின் நுனியிலிருந்து ஊசிமுனையளவு திசுவை எடுத்து, சோதனைக் குழாயில் ஊட்டம் அளித்து, புதிய நாற்றாக வளர்க்கும் திசு வளர்ப்பு முறை கைகொடுக்கிறது. அந்த நுனித்திசுவில் வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதே அதன் அடிப்படை.

இவ்வாறு தூய்மை செய்த கரணையும் நாற்றும் விலை மிகுந்தவை, அளவிலும் சிறியவை. எல்லா வயல்களுக்கும் அவற்றை நேரே கொடுக்க இயலாது. ஆகவே மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆராய்ச்சி நிலையத்தில் வெப்பமூட்டியோ திசு வளர்ப்பாலோ பெற்றது முதற்படி. அது வல்லுநர் விதை. அதனை ஆலையின் பண்ணையிலோ அரசுப் பண்ணையிலோ பெருக்குவது இரண்டாம் படி. அது ஆதார விதை. அதனைத் தேர்ந்த குடியானவர்களின் வயலில் பெருக்கி மற்றவர்க்கு வழங்குவது மூன்றாம் படி. ஓர் ஏக்கர் விதைப் பயிர் வழக்கமான முறையில் ஏறத்தாழப் பத்து ஏக்கருக்குக் கரணை தரும். ஆக, ஓர் ஏக்கர் வல்லுநர் விதை ஓராண்டில் பத்து ஏக்கராகவும், மறு ஆண்டில் நூறு ஏக்கராகவும், அதற்கடுத்த ஆண்டில் ஆயிரம் ஏக்கராகவும் பெருகும். நல்லது இவ்வாறு பெருகுகின்ற அதே கணக்கில்தான் கெட்டதும் பெருகும் என்பதை நினைவில் கொள்க.

அதனாலேயே ஒவ்வொரு படியிலும் விதைப் பயிரைக் கண்காணிக்க வேண்டும். சான்று பெறும் விதைப் பயிரை வளர்ச்சியின் பருவங்களில் மூன்று முறை பார்வையிடுவார்கள். மற்ற சில நோய்களுக்கு மிகச் சிறிய அளவு விலக்கு உண்டு. செவ்வழுகலுக்கு மட்டும் விலக்கே கிடையாது. மேலும், விதைக்கென்று வளர்க்கும் பயிர் வடநாட்டில் எட்டு முதல் பத்து மாத வயதுக்குள் இருக்க வேண்டும். மறுதாம்பிலிருந்து விதை எடுத்தலாகாது. கழியின் மேற்பகுதிப் பருக்கள் விரைந்து முளைக்கும். அடிப்பகுதியில் சர்க்கரை உறைந்திருப்பதால் அங்குள்ள பருக்கள் சோம்பலாக எழும். நறுக்கும்போது வெட்டுமுகத்தில் சிவப்புத் தெரிந்தால், அக்கரணையை மட்டுமன்றி அக்கழியையே ஒதுக்கிவிட வேண்டும்.

இனி நாற்றங்காலுக்கு வருவோம். பழைய முறையில் மூன்று பருக் கரணைகளைப் பாத்தியில் நேரே இடுவர். ஹெக்டேருக்கு ஆறு முதல் எட்டு டன் கரும்பு இதற்குத் தேவைப்படும். வடநாட்டுக் குளிரில் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பருக்களே முளைத்தெழுகின்றன. எஞ்சியவை மண்ணில் அழுகிப்போகின்றன. எத்தனை டன் நல்ல கரும்பு! இந்த இழப்பைக் கண்டே நாற்று விட்டு நடும் முறைகள் எழுந்தன. லக்னோ நிலையத்தார் காட்டிய முறையில், ஐம்பது சதுர மீட்டர் நாற்றங்காலில் ஒற்றைப் பருக் கரணைகளை நெருக்கமாக ஊன்றி, வைக்கோல் மூடி நீர் தெளித்து, மூன்று நான்கு இலை வந்ததும் பிடுங்கி நடுவர். ஒரு ஹெக்டேருக்கு அதுவே போதுமானது. இரண்டு டன் கரும்போடு வேலை முடிந்துவிடும். பத்து மடங்காக இருந்த பெருக்கம் நாற்பது மடங்காகிறது.

பின்னர் வந்தது பருச்சீவல் முறை. சிறு கருவி ஒன்றினால் கணுவிலிருந்து பருவை மட்டும் ஒரு சில்லோடு சேர்த்துச் சீவி எடுப்பர். எஞ்சிய கழியை ஆலைக்கோ வெல்லம் காய்ச்சவோ அனுப்பிவிடலாம். சீவிய பருக்களைச் சுண்ணாம்பும் யூரியாவும் பூஞ்சணக்கொல்லியும் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி நிழலில் வைத்தால், சில நாட்களில் வெண்வேர் அரும்பும். அரும்பியவற்றை மட்டும் பொறுக்கி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் பரு மேல்நோக்கி இருக்குமாறு பதித்து, நிழல்வலைக்குள் வைத்துப் பூவாளியால் நீர் தெளிப்பர். ஏறத்தாழ நான்கைந்து வாரங்களில் நாற்று வயலுக்குத் தயாராகிவிடும். ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் நடுவதாயின், கணக்குப்படி ஏக்கருக்கு 4,356 நாற்றுகள் வேண்டும். போக்கிடம் நிரப்புவதற்கும் சேர்த்து 5,000 வைத்துக்கொள்ளலாம்.

இம்முறையால் விளையும் பெரும்பயன் தேர்வு செய்யும் வாய்ப்பே. மண்ணுக்குள் புதைந்த கரணையில் எது நல்லது, எது கெட்டது என்று எவரறிவார்? தட்டில் நிற்கும் நாற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் காணலாம். வெளிறியதையும் நலிந்ததையும் நீக்கலாம். வேறொரு நன்மையும் உண்டு. வடநாட்டில் கோதுமை அறுத்தபின் சித்திரை, வைகாசியில் கரும்பு நடுவோர் பலர். காலந்தாழ்ந்த அப்பயிரில் விளைச்சல் குறையும். கோதுமை நிற்கும்போதே நாற்று விட்டு வைத்தால், ஏறக்குறைய ஒரு மாதம் மிச்சமாகும். உத்தரப் பிரதேசத்தில் கரும்பு வளர்ச்சித் துறையினர் அண்மை ஆண்டுகளில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இத்தொழிலைக் கற்பித்துள்ளனர். அக்குழுக்களின் பெண்கள் நாற்று வளர்த்து விற்று, தமக்கென ஒரு வருவாய் ஈட்டுகிறார்கள்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை. நாற்றங்கால் என்பது மந்திரமன்று. நோயுற்ற கழியிலிருந்து சீவிய பருவை எத்தனை அழகிய தட்டில் வைத்தாலும் அது நோயுற்ற நாற்றே. முன்பு பத்து மடங்காகப் பரவியது இப்போது நாற்பது மடங்காகப் பரவும். ஒரே கத்தியால் ஆயிரக்கணக்கான பருக்களைச் சீவும்போது, அக்கத்தியே நோயின் தூதுவனாகவும் ஆகிவிடும். அதனை அடிக்கடி தீயில் வாட்டியோ கிருமிநாசினியில் தோய்த்தோ தூய்மை செய்தல் வேண்டும். முதலில் நோயற்ற விதைப் பயிர், அதன்பின் நாற்றங்கால் என்னும் இந்த வரிசை மாறலாகாது. அவ்வாறே, ஒரு ரகத்தையே நம்பி ஊர் முழுவதும் நடுவதும் கூடாது. கோ 0238-க்கு மாற்றாகக் கோ 0118, கோ 15023, லக்னோ நிலையத்தின் கோலக் 14201 முதலிய ரகங்களை அங்கே பரிந்துரைக்கிறார்கள். அவற்றுள் எதுவும் என்றென்றும் நோயை வெல்லும் என்று எவரும் உறுதி கூறவில்லை.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரிடம் மீண்டும் வருகிறேன். அன்று மாலை, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது அவர் தமது மனத்திலிருந்ததைச் சொன்னார். முந்தைய ஆண்டு அவரது வயல் ஊரிலேயே செழிப்பாக இருந்ததாம். மகளைக் கொடுத்த ஊரின் சம்பந்தி விதைக்கரும்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விலை பேசுவது முறையன்று என்று, வயலின் நல்ல பகுதியிலிருந்து வெட்டி இரண்டு வண்டி நிறைய அனுப்பியிருக்கிறார். அவரது வயலில் தூர்கள் காய்ந்த அதே மாதத்தில் சம்பந்தியின் வயலிலும் காய்ந்தன. “பெண் கொடுத்த வீட்டுக்கு நோயைச் சீராக அனுப்பினேனே” என்று சொல்லிவிட்டு அவர் பேசாதிருந்தார். அவர்கள் யாரும் அவரைக் குறை கூறவில்லையாம். அதுவே அவருக்குப் பாரமாக இருந்தது.

அந்தக் கரும்பை வெட்டியபோது அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவரது மனத்திலும் குற்றமில்லை. விதைக்கரும்பைப் பற்றி நாம் அறிய வேண்டியது இதுதான். நல்ல மனமும் செழித்த தோற்றமும் விதைக்குச் சான்றாகா. அதன் வயது என்ன, எந்த வயலிலிருந்து வந்தது, அவ்வயலைப் பார்வையிட்டவர் யார், முதற்கரணை எங்கே தூய்மை செய்யப்பட்டது என்னும் கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது விதை. இல்லையேல் அது வெறும் கரும்பே.

மறு ஆண்டு அவர் அந்த நிலத்தில் நெல் பயிரிட்டதாகவும், அதற்குப் பின்னர் அருகிலிருந்த மகளிர் குழுவினரிடம் வேறொரு ரகத்தின் நாற்றுகளை வாங்கி நட்டதாகவும் நண்பர் கூறினார். நடுமுன் அப்பெண்களிடம் மூலக்கரும்பு எங்கிருந்து வந்தது என்று அவர் இருமுறை கேட்டாராம். பின்னர் தமது வயலுக்கு வாங்கியதில் பாதியளவு நாற்றை, விலை கொடுத்து, சம்பந்தி ஊருக்கும் அனுப்பினாராம்.

அடுத்த முறை ஹரித்துவார ரயிலில் செல்லும்போது, சாளரத்திற்கு வெளியே நிற்கும் அந்தப் பசுமையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அதில் நம் கோயம்புத்தூரின் பங்கும் உண்டு. அதனைக் காக்கும் உழைப்பில் இந்நாட்டு மக்கள் பலருடைய பங்கும் உண்டு.